பகல் வெயில கூட தாங்கிடலாம், ராத்திரி வீட்டுக்குள்ள இருக்க முடியல – சென்னைல மேல்மாடில இருக்கவங்க என்ன பண்றீங்க?

மேல்மாடி_வாசி · மே 11, இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். பெரம்பூர்ல மூணாவது மாடில வாடகைக்கு இருக்கோம், எங்களுக்கு மேல மொட்டை மாடிதான். நான், வீட்டுக்காரர், 6 வயசு பையன், எங்கம்மா (68 வயசு). போன ஐப்பசிலதான் குடி வந்தோம், அதனால இந்த வீட்ல இது எங்களுக்கு மொத வெயில் காலம். கத்திரி ஆரம்பிச்சு ஒரு வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள வீட்ல யாரும் சரியா தூங்கி நாலு நாள் ஆயிடுச்சு.

பகல் எப்படியோ ஓடிடுது. நான் ஆபீஸ் போயிடுறேன், பையன பக்கத்துத் தெரு அத்தை வீட்ல விட்டுடுறோம், அம்மா கீழ வேப்ப மரத்தடில அக்கம்பக்கத்துக்காரங்களோட உக்காந்துக்கிறாங்க. வெயில் சுள்ளுனு அடிக்குது, ஆனா நெழலுக்கு போனா ஒரு ஆறுதல் இருக்கு. ராத்திரி அந்த ஆறுதலும் இல்ல. எங்க போய் ஒதுங்குறதுன்னே தெரியல. ஃபேன் போட்டா அனல் காத்து இறங்குது, செவுத்துல கை வெச்சா சூடா இருக்கு, தலகாணியத் திருப்பிப் போட்டா அந்தப் பக்கமும் சூடு, பத்து மணிக்கு பைப்ப தொறந்தா வெந்நீர் வருது.

300 ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஹால்ல மாட்டினேன். நேத்து ராத்திரி 11 மணிக்கு அதுல 34.5. அதே நேரம் போன்ல பெரம்பூர் 30னு காட்டுது. வெளில 30 இருக்கும்போது உள்ள எப்படி 34? சூரியன் போய் நாலு மணி நேரம் ஆச்சே. ஏசி ஒரு பெட்ரூம்லதான் இருக்கு, அம்மாவுக்கு மூட்டு வலி, ஏசி காத்து ஒத்துக்கலைன்னு ஹால்லயே படுக்குறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாத்தா அவங்க முழிச்சு உக்காந்து பழைய காலண்டர் அட்டையால விசிறிட்டு இருக்காங்க. அதைப் பாக்கத்தான் மனசு கேக்கல. இன்னொரு ஏசி போடுறதுக்கு வசதி இல்ல, இதுவே 500 யூனிட்ட தாண்டி ரேட் ஏறிடுமோன்னு பயமா இருக்கு. வாடகை வீடு, பெருசா எதுவும் இடிச்சுக் கட்ட முடியாது. வேற என்ன வழின்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சைட்_சூப்பர்வைசர் · மே 12, காலை 6:20

சிஸ்டர், 17 வருஷமா கட்டட வேலைல இருக்கேன், உங்க தெர்மாமீட்டர் சரியாத்தான் காட்டுது. காத்துல இருக்க சூட்ட விட்டுடுங்க, உங்களுக்கு இப்ப பிரச்சனை உங்க தலைக்கு மேல இருக்க தளம். காலைல எட்டு மணிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அது வெயில உறிஞ்சிக்கிட்டே இருக்கு. மதியம் ஒரு மணிக்கு மொட்டை மாடில வெறுங்கால்ல நின்னு பாருங்க, நிக்க முடியாது, கருத்துப்போன சிமெண்ட் தரைன்னா 60 டிகிரிய தொடும். அந்த சூடு ஒடனே கீழ எறங்காது, அஞ்சு இஞ்ச் கான்கிரீட்ட தாண்டி சீலிங் அடிப்பக்கம் வந்து சேர மூணு நாலு மணி நேரம் ஆகும். அதாவது மதியம் ரெண்டு மணி வெயில் உங்க ஹாலுக்குள்ள வர்றது சாயங்காலம் ஆறு மணிக்கு. அப்பறம் நடுராத்திரி வரைக்கும் அது கீழ பாத்து வீசிக்கிட்டே இருக்கும், அடுப்ப தலைகீழா கவுத்து வெச்சதுக்கு அடில படுக்குற மாதிரி. ஃபேன் என்ன பண்ணுதுன்னா சீலிங்கை ஒட்டி நிக்கிற அந்த சூடான காத்த எடுத்து உங்க மேல தள்ளுது.

ஊருக்கே இதே கதைதான். தார் ரோடு, காம்பவுண்ட் செவுரு, பக்கத்து பில்டிங் எல்லாம் பகல்ல வாங்கி வெச்சத ராத்திரி திருப்பிக் குடுக்குது, சந்து குறுகலா இருந்தா சூடு மேல வானத்துக்குப் போக வழியில்லாம செவுத்துக்கு செவுரு மோதிட்டு இருக்கும், இதுல ஒவ்வொரு வீட்டு ஏசி அவுட்டோரும் தெருவுல அனல கக்குது. ஒண்ணு படிச்சேன், 200 வருஷத்துக்கு முன்னாடியே லூக் ஹோவர்ட்னு ஒருத்தர் லண்டனுக்குள்ளயும் பக்கத்து கிராமத்துலயும் வருஷக்கணக்கா அளந்து பாத்திருக்கார். ராத்திரில ஊருக்குள்ள சுமார் 3.7 ஃபாரன்ஹீட் ஜாஸ்தி, பகல்ல பாத்தா ஊருக்குள்ள கொஞ்சம் கம்மி கூட. அப்ப ஏசியும் இல்ல காரும் இல்ல. ஊர்ங்கிறது ராத்திரிலதான் சுடும்னு அன்னைக்கே அவர் எழுதி வெச்சுட்டார்.

உங்களால ஆகக்கூடியது மொட்டை மாடிக்கு சுண்ணாம்பு. ஹவுஸ் ஓனர்கிட்ட பர்மிஷன் மட்டும் வாங்குங்க. கல் சுண்ணாம்ப மொத நாளே ஊற வெச்சு வடிகட்டி, ஒட்டுறதுக்கு கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, தரைய நல்லா கூட்டிக் கழுவிட்டு வெயில் தாழ்ந்தப்பறம் ரெண்டு கோட் அடிங்க. உச்சி வெயில்ல அடிச்சா ஒடனே காஞ்சு பவுடரா உதிரும். சுண்ணாம்பு கொதிக்கும்போது பையன பக்கத்துல விடாதீங்க, அடிக்கிறவங்க கண்ணாடி போட்டுக்கணும், கண்ணுல பட்டா பெரிய ஆபத்து. வெள்ளத்தரை வெயில திருப்பி அனுப்பிடும், தளம் குடிக்கிறதே கொறஞ்சு போயிடும். மழைக்காலத்துல கரைஞ்சுடும், வருஷா வருஷம் பங்குனில அடிச்சுக்கணும். ஈரமானா வழுக்கும், அம்மாவ மேல போக விடாதீங்க.

தூங்காநகரம் · மே 12, காலை 9:05

நான் மதுரை. எங்க ஊர்ல பகல் உங்களை விட மோசம், 40 எல்லாம் சர்வசாதாரணம். ஆனா பொழுது சாஞ்சா ஊர் தெருவுக்கு வந்துடும். சித்திரைத் திருவிழா சமயம் எல்லாம் நடுராத்திரி ரெண்டு மணிக்கு மாசி வீதில கைக்குழந்தையோட ஆளுங்க நடப்பாங்க, இட்லி கடைல கூட்டம் நிக்கும். அழகர் ஆத்துல எறங்குறத பாக்க விடிய விடிய வைகைக்கரைல உக்காந்திருக்க ஜனம் யாரும் புழுக்கத்தால செத்தேன்னு சொல்ல மாட்டாங்க. வெயில் காலத்துல பகல்ல அடங்கி ராத்திரில வாழணும், சென்னைல ராத்திரியும் கதவ சாத்திட்டு உள்ள கிடந்தா எப்படி? ஒரு ஏர் கூலர் வாங்கி வெட்டிவேர் தட்டி போடுங்க, அம்மாவுக்கு ஏசி மாதிரி மூட்டு வலியும் வராது.

திருவல்லிக்கேணி_பழசு · மே 12, காலை 10:40

மதுரை தம்பி, தப்பா நினைக்காதீங்க, கூலர் விஷயத்துல உங்க ஊர் கணக்கு இங்க ஓடாது. உங்களுது வறண்ட காத்து, தண்ணி சீக்கிரம் ஆவியாகும், ஆவியாகும்போது குளுமை வரும். இங்க ராத்திரில காத்தே ஈரம். ஏற்கெனவே நனைஞ்ச துணியால ஈரத்தத் தொடைக்கிற மாதிரிதான். கதவ சாத்தி கூலர் போட்டா ஒரு மணி நேரத்துல ரூம் சோறு வடிச்ச பானைக்குள்ள மாதிரி ஆயிடும். அந்தப் பொண்ணு நம்பி காச விட்டுடப் போறாங்க.

எனக்கு 71 வயசு, பொறந்ததே திருவல்லிக்கேணி. மெட்ராஸ் வெயிலுக்கு பகல் ராத்திரின்னு ரெண்டு பேர் இல்லம்மா, ரெண்டு காத்து இருக்கு. மேக்க இருந்து வர்ற காத்துக்கே நம்ம தமிழ்ல கோடைன்னுதான் பேரு, கெழக்க இருந்து வர்றது கொண்டல். காலைல கோடை அடிக்கும், அனலா இருக்கும். பன்னெண்டு ஒரு மணிக்கு தரை நல்லா காஞ்சதும் கடல் காத்து உள்ள ஏறும், அந்த நிமிஷமே தெரியும், கொடில துணி தெச மாறி ஆடும். எங்க தெருவுல பொம்பளைங்க அதைப் பாத்துட்டுத்தான் கெழக்கு ஜன்னல தொறப்பாங்க. மேக்காத்து பலமா இருந்து கடல் காத்த உள்ள விடலைன்னா அன்னைக்கு செத்தோம். 2003 மே 31 அன்னைக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி போச்சு, சென்னைல பதிவான உச்சமே அதுதான். தெருவுல காக்கா கூட இல்ல அன்னைக்கு, நான் பாத்தேன்.

நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப வீடெல்லாம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டத்து மேல செங்கல நெட்டுக்குத்தா அடுக்கி, சுண்ணாம்புல கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணி ஊத்தி இடிச்சு, அதுக்கு மேல தட்டை ஓடு ஒட்டுவாங்க. வீட்டு நடு முற்றம் வழியா சூடு மேல ஓடிடும். அப்பவும் சாயங்காலம் ரெண்டு வாளி தண்ணி தெளிச்சு பாய் விரிச்சு மாடிலதான் படுத்தோம், ஆனா அது வேற வழியில்லாம ஏறிப் படுத்தது இல்ல, ஆசையா ஏறுவோம். மாமா, அத்தை, குடித்தனக்காரங்க எல்லாம் வரிசையா படுத்திருப்போம், பாட்டி கதை சொல்லிட்டே தூங்கிடும். இப்ப எங்க மாடிக்கு மூணு பக்கமும் அஞ்சு மாடி நிக்குது. கடக்கரை அரை மைல்தான், காத்து எங்கள எட்டல.

நைட்_ரைடர் · மே 12, பகல் 3:15

நான் சாப்பாடு டெலிவரி பண்றேன், பகல் ஷிஃப்டும் பாத்திருக்கேன் ராத்திரியும் பாத்திருக்கேன். அக்கா கேட்டதுக்கு நேரா பதில் இல்ல இது, ஆனா சொல்லணும்னு தோணுச்சு.

பகல்ல ஊர் முழுக்க ஒரே வெக்கை, அம்பத்தூர்லயும் அதே அடையார்லயும் அதே. ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி ஓட்டுனா ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சூடு இருக்கு. தி.நகர்குள்ள கடையெல்லாம் சாத்தின அப்பறமும் ரோடு பெட்ரோல் டேங்க் வழியா சுடும். அப்படியே சைதாப்பேட்டை தாண்டி சர்தார் படேல் ரோடு வந்து கிண்டி தேசிய பூங்கா செவுத்த ஒட்டி போனீங்கன்னா திடீர்னு யாரோ ஃபிரிட்ஜ் கதவ தொறந்து விட்ட மாதிரி இருக்கும். ஹெல்மெட் கண்ணாடிய தூக்கி விட்ருவேன், ஐஐடி கேட் தாண்டுற வரைக்கும் மெதுவாத்தான் போவேன், மண்ணு வாசம் மர வாசம் எல்லாம் வரும். மத்திய கைலாஷ் சிக்னல் தாண்டினா மறுபடியும் அடுப்பு. ரெண்டு கிலோமீட்டர்ல ரெண்டு ஊர். 2016 வர்தா புயல்ல எங்க தெருவுல நின்ன ஏழு மரம் விழுந்துச்சு, திருப்பி வெச்சது ரெண்டு. அதுக்கப்பறம்தான் எங்க வீட்டு ராத்திரி மாறுச்சுன்னு எங்கம்மா சொல்லிட்டே இருக்கும், அது உண்மைன்னு இந்த ரோட்ல ஓட்டி ஓட்டித்தான் எனக்குப் புரிஞ்சது.

சிக்னல்ல பச்சை வலைப் பந்தல் போட்டாங்க, எங்கள மாதிரி ஆளுங்க உக்கார அண்ணா நகர்ல மாநகராட்சி ஏசி ரூம் கட்டுச்சு, நல்ல விஷயம், நான் நன்றியோட போய் உக்காந்திருக்கேன். ஆனா எல்லா ஏற்பாடும் பகலுக்குத்தான். வேலை முடிச்சு ரெண்டு மணிக்கு போய் தகர ஷீட் வீட்ல படுக்குறவன் எங்க போவான்? கடக்கரைல பாய் விரிச்சா போலீஸ் எழுப்பி விடுவாங்க.

நைட்டூட்டி_நர்ஸ் · மே 13, காலை 7:50

டூட்டி முடிச்சு வந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. எல்லாரும் தளத்தப் பத்தி பேசுறீங்க, நான் அந்த அம்மாவப் பத்தி பேசுறேன்.

வெயில் நோயாளின்னா மத்தியானம் ரோட்ல மயங்கி விழறவங்கன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. எங்ககிட்ட விடியக்காலைலயும் வருவாங்க, வயசானவங்க, வெயில்லயே போகாதவங்க. பகல் முழுக்க சூட்ட தாங்கின ஒடம்பு ராத்திரி தணிஞ்சு ஆறணும், இதயம் ரெஸ்ட் எடுக்கணும். ராத்திரியும் 34ல கிடந்தா அந்த ஆறுதல் கிடைக்காது, நாலு நாள் சேந்தா தாங்காது. வயசானா தாகம் தெரியறது கொறையும், அதனால கேக்கலைன்னு விட்டுடாதீங்க, மணிக்கு ஒரு தடவை நீங்களே குடுங்க, மோர், கஞ்சித்தண்ணி, உப்பு சர்க்கரை தண்ணி எதுவா இருந்தாலும். பாத்ரூமுக்கு எழுந்திரிக்கணுமேன்னு சாயங்காலம் அஞ்சு மணியோட தண்ணிய நிறுத்திக்கிற பழக்கம் நம்ம அம்மாங்க நெறைய பேருக்கு இருக்கு, அதை மொதல்ல கேளுங்க. பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிட்டாலோ இதயம், கிட்னி பிரச்சனை இருந்தாலோ எவ்வளவு தண்ணின்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான்.

ராத்திரி கட்டில்ல வேண்டாம், தரைல பாய். மேல விட கீழ சூடு கம்மி. படுக்கறதுக்கு முன்னாடி கழுத்து, கை, கால் எல்லாம் ஈரத்துணியால தொடைச்சு விட்டு ஃபேனுக்கு நேரா படுக்க வைங்க, உங்க 34க்கு இது நல்லா வேலை செய்யும். (ரூம் 40க்கு மேல போனா ஃபேன் மட்டும் நம்பக்கூடாது, ஒடம்ப இன்னும் சூடாக்கிடும்.) ஏசிய 27, 28ல வெச்சு காத்து நேரா படாத மூலைல போர்வையோட படுக்க வெச்சுப் பாருங்க, 18ல வெச்சாத்தான் மூட்டு வலிக்கும். பேச்சு குழறுது, ஆள் அடையாளம் தெரியல, ஒடம்பு கொதிக்குது, இதுல எது இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ஒடனே 108.

மேல்மாடி_வாசி · மே 13, இரவு 9:30

நர்ஸ் மேடம், நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன். அஞ்சு மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்லையாம். ராத்திரி எங்கள எழுப்ப வேண்டாமேன்னு. எனக்கு அழுகை வந்துடுச்சு. இனிமே நான் பாத்துக்கிறேன்.

ஓனர் ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கார். அது வரைக்கும் சாயங்காலம் மாடில தண்ணி ஊத்தலாமா?

டெல்லி_கரோல்பாக் · மே 13, இரவு 10:10

ஊத்தலாம், நாங்க இங்க ஊத்துறோம். ஆனா சென்னை ஆளுங்க தண்ணிய பத்தி யோசிச்சுக்கோங்க, 2019ல ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி வந்தத மறக்க முடியுமா. பாத்திரம் கழுவுன தண்ணி, ஏசி சொட்டு தண்ணி மாதிரி எதாவது இருந்தா பாருங்க.

நான் திருச்சிக்காரன், 11 வருஷமா டெல்லி. முன்னெல்லாம் இங்க மே மாசம் 44 அடிச்சாலும் விடியக்காலைல ஒரு போர்வை கேக்கும். 2024 ஜூன் 19 அன்னைக்கு ராத்திரி கொறைஞ்ச அளவே 35.2. கொறைஞ்சதே அவ்வளவு. இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப உறுத்தும். வானிலை ஆய்வு மையம் ஒரு ராத்திரிய வெப்ப இரவுன்னு அறிவிக்கணும்னா அன்னைக்கு பகல் 40 தொட்டிருக்கணும், ராத்திரி வழக்கத்த விட 4.5 டிகிரி ஜாஸ்தியா இருக்கணும். சென்னை மாதிரி கடலோர ஊர்ல கடல் காத்து வந்து பகல 38லயே நிறுத்திடும், ஆனா ராத்திரி ஈரத்தோட 30ல அப்படியே நிக்கும், வழக்கமே 28 பக்கம்ங்கிறதால வித்தியாசமும் பெருசா தெரியாது. அதனால நீங்க தூங்காம கிடக்குற ராத்திரி எந்த எச்சரிக்கைலயும் வராது. தமிழ்நாடு அரசு 2024ல வெப்ப அலைய மாநிலப் பேரிடரா அறிவிச்சுச்சு, அது பெரிய விஷயம்தான், ஆனா நியூஸ்ல இன்னமும் பகல் டிகிரிய மட்டும்தான் வாசிக்கிறாங்க. ராத்திரி டிகிரிய, அதுவும் ஈரப்பதத்தோட சேத்து சொல்லணும். சொன்னாத்தான் வெளியூர்ல இருக்க நான் எங்க மாமியாருக்கு போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேப்பேன்.

மேல்மாடி_வாசி · மே 25, இரவு 11:20

அப்டேட் போடுறேன், யாருக்காவது உதவும். ஓனர் ஒத்துக்கிட்டார், சுண்ணாம்பு காசுல பாதியும் குடுத்தார். ஞாயித்துக்கெழம சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் கீழ் வீட்டு தம்பியும் சேந்து ரெண்டு கோட் அடிச்சோம். மறுநாள் மத்தியானம் மேல போய் வெறுங்கால்ல நின்னேன், நிக்க முடியுது, கண்ணு மட்டும் கூசுது.

வெளில அதே 30, ஹால்ல ராத்திரி 11 மணிக்கு இப்ப 32. ரெண்டரை டிகிரின்னு எழுதும்போது கொஞ்சமாத்தான் தெரியுது, ஆனா பைப் தண்ணிக்கும் ஃபேன் காத்துக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியுது (டேங்குக்கும் சேத்து சுண்ணாம்பு அடிச்சோம்). பகல் முழுக்க ஜன்னல சாத்தி திரை போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல எல்லாத்தையும் தொறந்து கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேன ஓட விடுறோம், முன்னாடி இதுக்கு நேர் மாறா பண்ணிட்டு இருந்தோம். அம்மா தரைல பாய் போட்டு படுக்குறாங்க, நேத்து ஒரு மணிக்கு எழுந்து பாத்தேன், தூங்கிட்டு இருந்தாங்க. காலண்டர் அட்டை பக்கத்துல சும்மா கிடந்துச்சு.

இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. பெட்ரூமோட மேக்கு செவுரு. சாயங்கால வெயில் முழுசா அதுலதான் விழுது, ராத்திரி பத்து மணி வரைக்கும் தொட முடியல. அதுக்கு என்ன பண்ணலாம் அண்ணா?

சைட்_சூப்பர்வைசர் · மே 26, காலை 6:05

ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். மேக்கு செவுத்துக்கும் வெள்ளை அடிச்சா நல்லது, ஆனா மூணாவது மாடி, சாரம் கட்டாம யாரும் தொங்கிட்டு அடிக்க வேண்டாம். நர்சரில கிடைக்கிற பச்சை நெட் வாங்கி மாடி கைப்பிடி செவுத்துலேர்ந்து ஜன்னல் சன்ஷேட் வரைக்கும் கட்டி விடுங்க. செவுத்துல ஒட்டுற மாதிரி கட்டிடாதீங்க, நெட்டோட சூடே செவுத்துக்கு ஏறும். மேல ரெண்டு கம்பி நீட்டி ஒரு அடி இடைவெளி விட்டு கட்டுங்க, நடுவுல காத்து ஓடணும். ஜூன்ல காத்து வேகமா அடிக்கும், கீழ் முனைல செங்கல் எதுவும் தொங்க விடாதீங்க, யார் தலைலயாவது விழும், நைலான் கயிறு போட்டு சன்ஷேட் கம்பிலயே இறுக்கிக் கட்டிடுங்க.